அத்திலாந்திக் கடந்த வெட்டுக்கிளி

பாலைவன வெட்டுக்கிளியின் தாயகம் யாதென வினவின், மேற்கே மொரித்தானியா முதல் கிழக்கே இராசத்தான் வரை பரந்துள்ள வறண்ட நிலமே என விடை கூறுதல் வழக்கம். 1988ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவ்விடை போதாதாயிற்று. அக்காலத்து ஆபிரிக்காவிற் பெருகியிருந்த கூட்டங்களுட் சில அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, மேற்கிந்தியத் தீவுகளிலும் தென்னமெரிக்காவின் வடகரையிலும் இறங்கின. கடந்த தூரம் ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர்.

இவ்வினம் கூட்டமாய்ச் செல்லுங்கால் பகலிற் பறந்து இரவில் மரஞ்செடிகளில் தங்குவது. கடலில் தங்குமிடம் ஏது? மடிந்து மிதந்த தம்மினத்தின் உடல்கள்மீதே இளைப்பாறியிருக்கலாம் எனக் கருதுவோர் உளர். அது எவ்வாறாயினும், கிழக்கிலிருந்து வீசும் காற்றின் துணையின்றி இப்பயணம் கைகூடியிராது. 1492இற் கொலம்பசின் கப்பல்களைக் கனேரித் தீவுகளிலிருந்து மேற்கே செலுத்தியதும் அவ்வீதியில் வீசும் காற்றே.

இச்செய்தி கேட்டு வியந்தோர், டார்வினின் பயண நூலை மறந்தனர் போலும். 1839இல் வெளிவந்த அந்நூலிலே, பீகிள் கப்பல் கேப் வேர்டே தீவுகளருகே சென்றபோது பெரிய வெட்டுக்கிளியொன்று கப்பலில் வந்து வீழ்ந்ததென்றும், காற்றின் போக்கை நோக்குங்கால் அது வந்திருக்கக்கூடிய மிக அண்மைய நிலம் 370 மைல் தொலைவிலுள்ள ஆபிரிக்கக் கரையே என்றும் அவர் குறித்துள்ளார். ஒரு பூச்சியைப் பற்றிய சிறு குறிப்பாதலின் சரித்திர ஆசிரியர் அதனைப் பொருட்படுத்திலர்.

ஆயினும் மற்றொரு வழக்கு நெடுநாளாகத் தீராது கிடந்தது. இவ்வெட்டுக்கிளி சார்ந்த பேரினத்திலே ஏறத்தாழ 50 இனங்கள் உள. அவற்றுள் இஃதொன்றே பழைய உலகிற்குரியது, ஏனையவெல்லாம் அமெரிக்காவுக்குரியன. எனவே அமெரிக்காவிலிருந்தே இதன் முன்னோர் ஆபிரிக்காவுக்கு வந்திருத்தல் வேண்டும் எனப் பலர் துணிந்தனர். எண்ணிக்கை மிகுந்த இடமே பிறப்பிடம் என்னும் இவ்வாதம் கேட்பதற்கு இனிது; காற்றோ எதிர்த்திசையில் வீசுவது. 2006இலும் 2017இலும் வெளியான மரபணு ஆய்வுகள் ஆபிரிக்காவிலிருந்து மேற்கே சென்றதொரு முன்னோரையே சுட்டின. அமெரிக்க இனங்கள் அதன் வழித்தோன்றல்கள் என்பதே அவற்றின் துணிபு.

1988இற் சென்றவை அவ்வாறு குடியேறவில்லை. கரை சேர்ந்தவற்றுள் நிலைத்த பரம்பரை எதுவும் அங்கே உண்டாகவில்லை.