ஹியூமனிட்டாஸ், டெவென்டர்

நெதர்லாந்தின் கிழக்கே, ஐசல் ஆற்றங்கரையில் உள்ள டெவென்டர் நகரின் முதியோர் பராமரிப்பு இல்லம் ஹியூமனிட்டாஸ். சுமார் 160 முதியவர்கள் வாழும் இந்த இல்லத்தில் கல்லூரி மாணவர்கள் ஆறு பேருக்கும் இடம் கொடுத்ததால்தான் இதன் பெயர் வெளிநாடுகள் வரை எட்டியது.

2010களின் தொடக்கத்தில் நெதர்லாந்து அரசு முதியோர் பராமரிப்புச் செலவைக் குறைக்க முற்பட்டது. ஓரளவு தாமே சமாளித்துக்கொள்ளக்கூடிய முதியவர்களுக்கு இல்லத்தில் தங்க அரசுப் பணம் கிடைப்பது அரிதானது, அறைகள் காலியாகின. இன்னொரு பக்கம் மாணவர்கள் அறை கிடைக்காமலும், கிடைத்தால் வாடகை கட்டுப்படியாகாமலும் தவித்தனர். இல்லத்தின் இயக்குநர் கெயா சைப்கெஸ் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

மாணவருக்கு வாடகை கிடையாது. பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் ‘நல்ல பக்கத்து வீட்டுக்காரராக’ இருக்க வேண்டும், அவ்வளவுதான். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது போன்றவை பணியாளர்களின் வேலை; மாணவர் அவற்றைத் தொடுவதில்லை. சேர்ந்து சாப்பிடுவார், தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பார், மின்னஞ்சல் அனுப்பச் சொல்லித்தருவார். ஒரு மாணவர் முதியவர்கள் கையில் வண்ணத் தெளிப்பான் டப்பாவைக் கொடுத்துச் சுவரோவியமே பழக்கினார். இரவு எத்தனை மணிக்கும் வரலாம்; அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது.

திட்டத்தின் சூட்சுமம் இந்த 30 மணிக் கணக்கில் இல்லை என்றே சொல்ல வேண்டும். மூட்டுவலியையும் மாத்திரையையும் சுற்றிவந்த சாப்பாட்டு மேசைப் பேச்சு, நேற்றிரவு ஒரு மாணவரின் அறைக்கு வந்துபோன பெண் யார் என்பதற்குத் தாவியது. தொண்டு செய்ய வந்தவரைப் பற்றி யாரும் இப்படி வம்பளப்பதில்லை. ஒரே வராந்தாவில் குடியிருப்பவரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இதுபோன்ற ஏற்பாடு வேறிடத்திலும் உண்டு: அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜட்சன் மேனர் என்ற முதியோர் குடியிருப்பு 2010 முதலே இசைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச இடம் தந்துவருகிறது. அங்கே வாடகைக்கு ஈடாகக் கச்சேரி.

எனினும் ஹியூமனிட்டாஸில் 160 பேருக்கு ஆறு மாணவர் என்பது சிறிய எண்ணிக்கையே. பல அறைகளின் கதவை எந்த மாணவரும் தட்டியிருக்கமாட்டார். படிப்பு முடிந்ததும் மாணவர் கிளம்பிவிடுவார். இருபது வயதில் அவருக்கும் ஒரு பாடு உண்டு: நேற்று வரை கூடச் சாப்பிட்டவர் இறந்துபோக, அடுத்த வாரம் அதே நாற்காலியில் வேறொருவர் வந்து உட்காருவார்.