ஒரு முற்றுகை பிறந்த கதை

பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப்பின் தயவால் காரைக்காலில் காலூன்றியதற்குத் துறைமுகம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தஞ்சாவூர் நெல். புதுச்சேரிக்குக் காவிரி இல்லை. அரசலாற்று முகத்துவாரத்தில் அரிசியைத் தோணியில் ஏற்றினால் கரையோரமாகவே வடக்கே கொண்டுபோய்விடலாம். ஆனால் ஊருக்கு மூன்று பக்கமும் அடுத்தவர் நிலம், நான்காவது பக்கம் கடல். கடல் கைவிட்டுப் போனால் காரைக்காலும் போனதுதான்.

1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அந்த வேகத்தில் புதுச்சேரி மதிலில் போய் முட்டவில்லை. சேத்துப்பட்டு, ஆற்காடு, ஆலம்பரை என்று சுற்றியிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். தெற்கில் மிச்சமிருந்தது காரைக்கால். நிலத்தில் மேஜர் மான்சனின் படை, கடலில் அட்மிரல் கார்னிஷின் கப்பல்கள். ஏப்ரல் 5-ல் கோட்டை பணிந்தது.

கோட்டைத் தளபதியின் பெயர் ரெனோ. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வங்காளத்தில் சந்தர்நாகூரை ஆங்கிலேய அட்மிரல் வாட்சனின் போர்க்கப்பல்களிடம் இழந்தவரும் இவரே. கப்பல் பீரங்கி ஒரு கோட்டையை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர். சண்டையே போடாதது மாதிரி சரணடைந்தார் என்று குற்றம் சாட்டி, ராணுவ விசாரணை வைத்து அவரைப் பதவி நீக்கினார்கள். எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்தான். உதவிக்கு வர ஒரு பிரெஞ்சுக் கப்பலும் இல்லாத கரையில் அவர் எத்தனை நாள் தாங்கியிருப்பார்?

அந்தக் காலத்துப் பீரங்கி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் உருப்படியாகச் சுடாது. அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் வேலையைக் கப்பல் செய்தது. 2022 ஜூலையில் உக்ரைன் அதே வேலையை ஹிமார்ஸ் ராக்கெட்டுகளால் செய்தது. சுமார் 80 கிலோமீட்டர் போகும் அந்த ராக்கெட்டுகள் நீப்பர் ஆற்றின் அந்தோனிவ்கா பாலத்தைத் துளைத்தன. ஆற்றின் வலது கரையில் கெர்சோனைப் பிடித்து வைத்திருந்த ரஷ்யப் படைக்கு உணவும் வெடிமருந்தும் போவது திணறியது. நவம்பரில் அவர்கள் கெர்சோனை விட்டுப் பின்வாங்கினார்கள். நகரத்துக்குள் தெருத்தெருவாகச் சண்டை போட வேண்டிய அவசியமே வரவில்லை.

புதுச்சேரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1760 செப்டம்பரில் ஊரைச் சூழ்ந்திருந்த முள்வேலியை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அந்தத் தாக்குதலில் மான்சன் படுகாயமடைந்தார். பிறகு பசி. 1761 புத்தாண்டன்று அடித்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல சிதறின, சில மூழ்கின. வழி திறந்துவிட்டது என்று நம்பிய லாலி, உடனே பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்கு அரிசி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார். காரைக்கால் கையில் இருந்திருந்தால் பழவேற்காட்டைக் கெஞ்சியிருக்க வேண்டாம். சில நாட்களில் கப்பல்கள் திரும்பி வந்து கடலை மறுபடி அடைத்துவிட்டன. ஜனவரி 16-ல் புதுச்சேரி கதவைத் திறந்தது.