தவளைகளைக் காலநிலை மாற்றம் எவ்வளவு பாதிக்கும்? அளவிடும் முறை என்ன?

திருவனந்தபுரம்: காலநிலை மாற்றத்தால் எந்தத் தவளை இனம் அழிவை நோக்கிச் செல்லும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா? உலக நீர்நில வாழ்விகள் குறித்த இரண்டாவது மதிப்பீடு 2023 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வெளியான பிறகு, இந்தக் கேள்வி கேரளத்துக்கு மேலும் நெருக்கமாகியுள்ளது. ஆராயப்பட்ட 8,011 இனங்களில் 40.7 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக அந்த ஆய்வு தெரிவித்தது. அத்தகைய இனங்கள் செறிந்து காணப்படும் பகுதிகளில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று.

1980 முதல் 2004 வரை இவ்வினங்களின் நிலை மோசமடைந்ததற்கு நோயும் வாழிட இழப்புமே 91 சதவீதம் காரணமாக இருந்தன. 2004-க்குப் பின் நிலைமை மாறிவிட்டது. காலநிலை மாற்றத்தின் பங்கு 39 சதவீதமாகவும், வாழிட இழப்பின் பங்கு 37 சதவீதமாகவும் உள்ளன.

இரண்டு வேறு அளவுகோல்கள்

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியல், ஓர் இனம் பரவியுள்ள பரப்பு, அதன் எண்ணிக்கை, இவை குறையும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு ஆபத்தை வகைப்படுத்துகிறது. காலநிலைப் பாதிப்பு மதிப்பீடு அதிலிருந்து வேறுபட்டது. அந்த இனம் வாழும் இடத்தில் வெப்பமும் மழையும் எவ்வளவு மாறும், அம்மாற்றத்தை அதன் உடலும் இனப்பெருக்க முறையும் தாங்குமா, தாங்காவிட்டால் இடம்பெயரவோ தகவமைத்துக்கொள்ளவோ அதற்கு இயலுமா என்ற மூன்று கேள்விகளை அது எழுப்புகிறது. இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. செய்திகளில் இவை அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். சிவப்புப் பட்டியலில் இன்று பாதுகாப்பான நிலையில் உள்ள இனம்கூட, காலநிலை மதிப்பீட்டில் மிகவும் நலிந்ததாக இருக்கக்கூடும்.

இவ்விரு அளவுகோல்களையும் ஒருசேரப் பொருத்திய ஆய்வு 2013-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியானது. ஏற்கெனவே அழியும் ஆபத்தில் இருப்பதோடு காலநிலை மாற்றத்தாலும் பெரிதும் பாதிக்கப்படக்கூடியவை பறவைகளில் 6 முதல் 9 சதவீதம். நீர்நில வாழ்விகளிலோ 11 முதல் 15 சதவீதம்.

மழையை நம்பிய வாழ்க்கை

தவளையின் தோல் ஈரமாக இருந்தால்தான் அதன் வழியே சுவாசம் நடைபெறும். எனவே வெப்பத்தைவிட வறட்சியே பல இனங்களுக்கு முதல் எதிரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரடியாகச் சிறு தவளை வெளிவருகிறது. குளமோ ஓடையோ தேவையில்லை என்பது ஒரு வசதிதான். ஆனால் இலைகளிலும் சருகுகளிலும் இடப்பட்ட முட்டைகள் காயாமல் காப்பது காற்றின் ஈரப்பதம் மட்டுமே. கேரளத்தின் ஆகஸ்ட் மாதம் 2023-இல் வறண்டதுபோல மழைக்காலத்தின் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தால், அந்த ஈரப்பதமும் குறையும்.

இடுக்கி மலைகளில் கண்டறியப்பட்டு, 2003-இல் எஸ்.டி. பிஜு, பிராங்கி போசுய்ட் ஆகியோரால் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஊதா நிறத் தவளையின் நிலை இன்னும் நுட்பமானது. மலையாளத்தில் பாதாளத் தவளை எனப்படும் இது, கரையான்களைத் தின்று மண்ணுக்கடியிலேயே வாழ்கிறது. பருவமழைக்கு முந்தைய மழை பெய்யும்போது மட்டும் ஆண்டில் சில நாள்கள் வெளிவந்து ஓடைகளில் முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைகள் பாய்ந்தோடும் நீரில் பாறைகளைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. முதல் மழைக்குப் பின் ஓடை வற்றினாலும் ஆபத்து, திடீர்ப் பெருவெள்ளம் வந்தாலும் ஆபத்து. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் 2023-இல் ஜூன் 8 அன்றும், 2025-இல் மே 24 அன்றும் தொடங்கியது. வழக்கமான நாள் ஜூன் 1 என்பதைக் கருதினால், மழையைக் கொண்டே நாள் குறிக்கும் உயிரினத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் சிறிதல்ல.

உச்சிக்கு மேல் இடமில்லை

வெப்பம் கூடும்போது உயிரினங்கள் மேல்நோக்கி நகரலாம். ஆனால் ஏற்கெனவே உச்சியில் வாழ்பவை எங்கே செல்லும்? 2010-இல் விவரிக்கப்பட்ட செம்மஞ்சள் நிறப் புதர்த் தவளை ஒன்று, 2,695 மீட்டர் உயர ஆனைமுடியின் உச்சிப் பகுதியில், மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பிலேயே காணப்பட்டது. திருவனந்தபுரத்தை ஒட்டிய அகத்தியமலையின் உயரமோ 1,868 மீட்டர்தான். அங்குள்ள மலைத் தவளைகளுக்கு மேலே செல்லக்கூடிய தூரம் மேலும் குறைவு.

உடல் தாங்கும் வெப்ப வரம்பைக் கணக்கிட்ட மற்றோர் ஆய்வு, 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 5,203 இனங்களை ஆராய்ந்ததில், 104 இனங்கள் நிழலில்கூடத் தாங்கவியலாத வெப்பத்தை இப்போதே சந்திப்பதாகத் தெரியவந்தது. புவி வெப்பம் 4 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இது 7.5 சதவீதமாகும். நிழல் தரும் தாவரங்களும் ஈரமும் இருக்கும் என்ற அனுமானத்தில் போடப்பட்ட கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது. காடு அழிக்கப்பட்ட இடத்தில் அந்த அனுமானம் பொருந்தாது.

கணிப்பின் தரம், களப் பதிவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடியில் கண்டறியப்பட்டு 2005-இல் பெயரிடப்பட்ட பொன்முடிப் புதர்த் தவளை, முதலில் அங்கு மட்டுமே வாழ்வதாகக் கருதப்பட்டது. பின்னர் வேறு மலைப்பகுதிகளிலும் அது பதிவானது. ஓரிரு இடங்களில் மட்டும் பதிவான இனத்துக்குக் கணினி மாதிரி வரைந்து தரும் வரைபடத்தை இறுதி முடிவாகக் கொள்ள இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை இனங்கள் இன்றும் விவரிக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் பலவற்றுக்கு இத்தகைய ஓரிரு பதிவுகளே உள்ளன.