வீடே மொழிப்பள்ளி



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அனுப்பலாம் என்பது ஆண்டுதோறும் நம்முள் எழும் கேள்வி. டொனால்டு வாட் என்ற அமெரிக்கர் 1932-இல் அதற்கொரு புதுவிடை கண்டார். கோடை விடுமுறையில் அமெரிக்க இளைஞர்களைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்று, ஐரோப்பிய இளைஞர்களோடு ஒரே முகாமில் தங்கவைத்தார். முதல் உலகப்போர் முடிந்து 14 ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது. அயலாரோடு கூடி வாழ்ந்தால் பகை தணியும் என்று அவர் நம்பினார்.

ஆயினும், முகாம் மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்தார். எனவே, அடுத்துவந்த பயணங்களில் ஒவ்வோர் இளைஞரும் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தில் பிள்ளையாகவே வாழ்ந்தார். உணவு மேசையில் மொழி கற்றபின், அவ்வீட்டு இளையோரோடு ஊர்களைச் சுற்றிப் பார்த்தார்.

1934-இல் இவ்வாறு ஜெர்மனிக்குச் சென்றவர்களுள் ஒருவர் சார்ஜெண்ட் ஷிரைவர். 1961-இல் அமெரிக்க அமைதிப்படை தோன்றியபோது அதன் முதல் இயக்குநர் அவரே. அப்படையின் தொண்டர்கள் 1962-இல் மலாயாவுக்கும் வந்தனர். மலாய்மொழி கற்று, பள்ளிகளிலும் மருத்துவத் துறையிலும் தொண்டாற்றினர். அப்பணி 1983 வரை நீடித்தது.

மொழி கற்பதற்காக வாட் பிறர் வீடுகளைத் தேடிப் பிள்ளைகளை அனுப்பினார். நம் பிள்ளைகளுக்கோ தமிழ் கற்க அயலார் வீடு வேண்டியதில்லை. ஆனால், உணவு வேளையில் அவர்கள் தமிழில் கேட்கும் கேள்விக்கு நாம் எம்மொழியில் விடையளிக்கிறோம்? வகுப்பறையில் ஆசிரியர் படும் பாடு நிலைப்பதும் வீணாவதும் அவ்விடையில் அடங்கியிருக்கிறது.

சிந்திப்போம்.