கிணற்றில் ஒளிந்த முகம்

கதாசிரியன் எவனாவது இப்படி ஒரு சம்பவத்தை எழுதியிருந்தால், "நம்பும்படியாக எழுதக் கூடாதா, ஐயா?" என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள். நல்ல வேளை, சரித்திரத்துக்கு அந்தக் கவலை கிடையாது.

1933-ஆம் வருஷம். சீனாவின் வடகிழக்கே ஹார்பின் நகரம் ஜப்பானியர் பிடியில் இருந்தது. சுங்காரி நதியில் பாலம் கட்டும் வேலையிலிருந்த சீனத் தொழிலாளி ஒருவரின் கையில் பெரியதொரு மண்டை ஓடு அகப்பட்டது. அதை ஜப்பானியரிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பாழுங் கிணற்றில் ஒளித்து வைத்தார். யுத்தம் வந்தது, போயிற்று, ஆட்சிகள் மாறின, மனிதர் வாய் திறக்கவில்லை. அந்திம காலத்தில்தான் குடும்பத்தாரிடம் சொன்னாராம். 2018-இல் அந்த ஓடு ஹெபெய் மாகாணத்துப் பல்கலைக் கழகம் ஒன்றின் பொருட்காட்சி சாலைக்கு வந்து சேர்ந்தது. அதன் வயது குறைந்தபட்சம் 1,46,000 வருஷம்!

2021-இல் விஞ்ஞானிகள் அதற்கு 'டிராகன் மனிதன்' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் வைத்தாயிற்று, யாருடைய பிள்ளை என்பது தெரிய வேண்டாமா?

அதற்கு நாம் சைபீரியாவுக்குப் போக வேண்டும். அங்கே அல்தாய் மலையில் டெனிசோவா என்ற குகை இருக்கிறது. 2008-இல் அதில் ஒரு சிறுமியின் சுண்டுவிரல் எலும்புத் துணுக்கு கிடைத்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஸ்வாந்தே பாபோ என்பவரின் குழுவினர் அதன் மரபணுக்களைப் படித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சிறுமி நம் இனத்தவளும் அல்ல, நியாண்டர்தால் இனத்தவளும் அல்ல. உலகம் அதுவரை கேள்விப்படாத கூட்டத்தைச் சேர்ந்தவள். குகையின் பெயரால் அவர்களை டெனிசோவர் என்றார்கள். விரல் கிடைத்தது, முகம் மட்டும் கிடைக்கவில்லை.

2025-இல் அதுவும் கிடைத்தது. ஹார்பின் ஓட்டில் மிஞ்சியிருந்த ஒற்றைப் பல்லின் காறையைச் சுரண்டி ஆராய்ந்தார்கள். கிணற்றுக்குள் ஒளிந்திருந்தவர் டெனிசோவரேதான்!

"எவனோ எப்போதோ செத்தான், நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர் ஆசியாவுக்குள் நுழைந்தபோது வீடு காலியாக இல்லை. வந்தவர்களும் இருந்தவர்களும் சம்பந்தம் செய்துகொண்டார்கள். இன்றைய பாப்புவா நியூ கினி மக்களின் மரபுச் சொத்தில் 100-க்கு ஏறக்குறைய 4 பங்கு டெனிசோவர் கொடுத்த சீதனம். பிராணவாயு குறைந்த மலையுச்சியில் திபேத்தியர் வாழ உதவும் மரபணு ஒன்றும் அவர்கள் வழி வந்ததே என்று 2014-இல் கண்டார்கள். தெற்காசியர்களான நம்மிடமும் துளியளவு உண்டு. அந்த டெனிசோவா குகையிலேயே, சுமார் 90,000 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த வேறொரு பெண்ணின் எலும்பும் அகப்பட்டது. அவளுடைய தாய் நியாண்டர்தால், தகப்பன் டெனிசோவன்!

கலப்பில்லாத ரத்தம் என்று மார் தட்டுகிறவர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள். அதன் பேரால் இந்த உலகத்தில் நடந்த கொலைகளுக்குக் கணக்கில்லை. அந்தத் தூய ரத்தத்தைத் தேடிப் பின்னோக்கி நடந்தால், குகைக்குக் குகை கலப்புக் கல்யாணம்தான் எதிர்ப்படுகிறது.

அந்நியர் கைக்குப் போகக் கூடாதென்று அந்த ஏழைத் தொழிலாளி ஒரு முகத்தைக் காப்பாற்றினார். எத்தனை தேசங்களில் அதற்கு உறவினர் உண்டு என்பது, பாவம், அவருக்குத் தெரியாது.