வெள்ளி காட்டிய கிருமி

நெய்யூர் சோமர்வெல்லை எவரெஸ்ட் ஏறச் சென்றவர் என்றே நம்மில் பலர் அறிவோம். 1922இல் அந்த மலைப்பயணம் முடிந்து தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மருத்துவமனையில் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டு லண்டன் வாழ்வைக் கைவிட்டார். அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில் குடற்புண்ணால் வருந்தியோர் ஏராளம். அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்வதில் பெயர் பெற்ற சோமர்வெல், 1936இல் சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து அந்நோய் குறித்துக் கட்டுரையும் எழுதினார். உணவுக் குறைபாட்டின் மீதே அவருக்கு ஐயம்.

நம்மை உறுத்துவது வேறொன்று. அவர் இங்கு வருவதற்கு இரண்டாண்டு முன்னரே, மேகநோய்க் கிருமியைத் திசுவில் காண வார்த்தின், ஸ்டாரி என்னும் இரு அமெரிக்கர் ஒரு சாயமுறையை வகுத்துவிட்டனர். மெல்லிய திசுச்சீவலை வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்தால் கிருமியின் மேல் வெள்ளி படியும். மஞ்சள் பின்னணியில் அது தடித்துக் கருத்துத் தெரியும். 1940இல் பாஸ்டனில் ஃபிரீட்பெர்க் என்பவர் வெள்ளிச் சாயத்தாலேயே இரைப்பையில் சுருள் கிருமிகளைக் கண்டார். ஆனால் தொடரவில்லை. 1954இல் பால்மர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து ஒன்றுமில்லை என்று அறிவித்தார். அவர் கையாண்டது வழக்கமான சிவப்பு-நீலச் சாயம். அதில் இக்கிருமி கோழைக்குள் மங்கிப்போகும். அமிலத்தில் எது பிழைக்கும் என்ற நம்பிக்கையும் துணை நின்றது. இல்லாததற்கும் தெரியாததற்கும் உள்ள வேறுபாட்டை, பாவம், கால் நூற்றாண்டு யாரும் கவனிக்கவில்லை.

1979இல் பெர்த் நகரில் ராபின் வாரன், திசுவின் மேற்பரப்பில் மெல்லிய நீலக்கோடு ஒன்றைக் கண்டார். சக மருத்துவர்கள் நம்பாததால் வெள்ளிச் சாயம் ஏற்றிக் காட்டினார். 1982இல் பாரி மார்ஷலுடன் சேர்ந்து கிருமியை வளர்த்தெடுத்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. சோமர்வெல் 1975லேயே மறைந்துவிட்டார்.

திண்டுக்கல் சமவெளியில், சேவுகம்பட்டிப் பக்கமெல்லாம், வயிற்றுப்புண் என்றால் மிளகாயைக் குறை, மணத்தக்காளி சாப்பிடு என்பதே முதல் அறிவுரை. அதை முற்றிலும் எள்ளுவதற்கில்லை. இந்தியரில் பெரும்பாலோர் வயிற்றில் இக்கிருமி குடியிருந்தாலும் புண் வருவது சிலருக்கே. கோதுமை உண்ணும் வடக்கைவிட அரிசி உண்ணும் தெற்கில் குடற்புண் மிகுதியாக இருந்ததேன் என்று மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி கேட்ட கேள்விக்கு வெள்ளிச் சாயம் மட்டும் விடை தந்துவிடவில்லை.