கடற்கரையில் செத்த அரபிக்குப் பெயர் என்ன?



"அபத்த இலக்கியம் என்றால் என்ன சேர்?" என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தமிழ் விமர்சனக் கட்டுரைகளில் அந்தச் சொல் அடிக்கடி வரும், விளக்கம்தான் வராது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"இந்த வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?" என்று மனிதன் ஓயாமல் கேட்கிறான். உலகம் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கும் இந்த மௌனத்துக்கும் நடுவில் இருக்கிற பொருந்தாமையைத்தான் அல்பெர் கமு அபத்தம் என்றார். 1942இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். பாறையை மலைமேல் உருட்டுவதும், அது திரும்பக் கீழே விழுவதுமாகக் காலமெல்லாம் கழிக்கும் கிரேக்கக் கதை மாந்தன் சிசிபஸ்தான் அதில் உதாரணம். அவருக்கு முன்பே பிராகில் காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்த்த காஃப்கா இந்த உணர்வைக் கதையாக்கிவிட்டார். போருக்குப் பிறகு பெக்கெட், இயோனெஸ்கோ போன்றவர்கள் மேடைக்குக் கொண்டு வந்தார்கள். (இயோனெஸ்கோவின் முதல் நாடகம், அவர் ஆங்கிலம் படிக்க வாங்கிய பாடப்புத்தக உரையாடல்களிலிருந்து பிறந்தது. பாடப்புத்தகம் எழுதுபவர்கள் கவனிக்க!) 1961இல் மார்ட்டின் எஸ்லின் எழுதிய புத்தகம்தான் 'அபத்த நாடகம்' என்ற பெயரை நிலைக்க வைத்தது.

படைத்தவனையும் மறுமையையும் நம்புகிற நமக்கு உலகம் மௌனமாக இல்லை. அதற்காக இவற்றை வாசிக்கவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. இரண்டு உலகப் போர்களில் தன் பிள்ளைகளைப் புதைத்த ஐரோப்பா எந்த மனநிலையில் இருந்தது என்பதை வேறு எங்கே போய்ப் படிப்பது?

எனக்குள்ள கேள்வி வேறு.

கமுவின் 'அந்நியன்' நாவலும் 1942இல் வந்ததுதான். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கியிருக்கிறார். கதை நடப்பது அல்ஜீரியாவில். மெர்சோ என்ற பிரெஞ்சுக்காரன் தாயின் மையத்தில் அழாமல் நிற்கிறான். சில நாட்களில் கடற்கரையில், கொதிக்கும் வெயிலில், கத்தியை உருவிய ஓர் அரபியைச் சுடுகிறான். ஒரு வெடி. விழுந்து கிடந்தவன் மேல் இன்னும் நாலு. வழக்கு நடக்கிறது. நீதிமன்றம் விசாரிப்பதோ அவன் தாய்க்காக ஏன் அழவில்லை என்பதை! செத்தவனின் ஆட்கள் ஒருவர்கூடச் சாட்சிக்கு வரவில்லை. நாவல் முடியும்வரை அவனுக்குப் பெயரும் இல்லை. வெறும் 'அரபி'. "முஸ்லிம் நபர் ஒருவர்" என்று செய்தி வாசித்துப் பழகிய நமக்கு இது விளங்காமல் இராது.

2013இல் ஒரான் நகரத்துப் பத்திரிகையாளர் கமெல் தாவூத் இதற்குப் பதிலாக ஒரு நாவல் எழுதினார். அதில் செத்தவனின் தம்பி கதை சொல்கிறான். அண்ணன் பெயர் மூசா, தம்பி ஹாரூன். அந்தப் பெயர்களை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கமுவை ஒரேயடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் அநியாயம். அவர் அல்ஜீரியாவில் பிறந்த ஏழைப் பிள்ளை. தகப்பன் 1914இல் போரில் காயப்பட்டுச் செத்தார். காது கேளாத தாய் வீடு வீடாகத் துப்புரவு வேலை செய்தார். 1939இல் கமு கபிலியா மலைப்பகுதிக்குப் போய், குப்பைத் தொட்டிக்காக நாய்களோடு சண்டை பிடித்த பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். பிரெஞ்சுக் குடியேறிகளில் எத்தனை பேர் அப்படி எழுதினார்கள்? 1956 ஜனவரியில் அல்ஜியர்ஸில் நின்று, இரு தரப்பும் பொதுமக்களைக் கொல்ல வேண்டாம் என்று கேட்டார். வெளியே அவருடைய சொந்த ஆட்களே அவரைக் கொல்லச் சொல்லிக் கத்தினார்கள்.

ஆனாலும் ஒரான் நகரத்தைக் களமாக வைத்து 1947இல் வந்த 'கொள்ளைநோய்' நாவலில் பேசக்கூடிய ஒரு முஸ்லிம் பாத்திரம் இல்லை. இதை அவரிடமே நேராகக் கேட்டவர் ஒரு பாடசாலை ஆசிரியர். பெயர் மூலூத் ஃபெரவூன். அதே கபிலியா மலைக்காரர், கமு பிறந்த அதே 1913இல் பிறந்தவர். ஃபெரவூன் என்பதும் அந்தக் குடும்பத்தின் சொந்தப் பெயரல்ல. அவர்கள் அய்த் ஷஅபான் குடும்பம். பிரெஞ்சு அதிகாரிகள் பிறப்பு இறப்புப் பதிவுக்காக ஒட்டிவிட்ட பெயர் அது. 1951இல் அவர் கமுவுக்கு எழுதிய கடிதத்தில் திட்டு இல்லை. உங்கள் கதையில் எங்கள் ஆட்களில் ஒருவர்கூட இல்லையே என்ற வருத்தம்தான். இருவரும் நண்பர்களானார்கள். நான் மதிக்கிற விமர்சனம் இதுதான், நம் முகநூல் சண்டைகள் அல்ல.

அதற்கு முந்திய வருடமே ஃபெரவூன் 'ஏழையின் மகன்' என்ற தன் நாவலை வெளியிட்டிருந்தார். அதில் வரும் கபிலியாக்காரர்களுக்குப் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, பசியும் பகிடியும் இருக்கிறது. விடுதலைப் போர் தொடங்கிய பின் 1955இலிருந்து ஒரு நாட்குறிப்பும் எழுதி வந்தார். பிரெஞ்சு இராணுவத்தின் கொடுமையையும் எழுதினார், போராளிகளின் கொடுமையையும் எழுதினார்.

கமு 1960 ஜனவரி 4ஆம் திகதி கார் விபத்தில் இறந்தார். 1962 மார்ச் 15ஆம் திகதி, போர்நிறுத்த ஒப்பந்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, அல்ஜியர்ஸுக்குப் பக்கத்து எல் பியாரில் கல்விப் பணியாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. பிரெஞ்சுத் தீவிரவாத அமைப்பான ஓ.ஏ.எஸ். ஆட்கள் உள்ளே வந்து பெயர் கூப்பிட்டு ஆறு பேரை வெளியே எடுத்தார்கள். மூன்று பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் பிரெஞ்சுக்காரர்கள். சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஃபெரவூன் அதில் ஒருவர்.

நாட்குறிப்பு அதே வருடம் புத்தகமாக வந்தது. கடைசிக் குறிப்பின் திகதி மார்ச் 14.